வாசல்கள் திறந்த கதை – 9: கிளாஸில் ஒரு தேத்தண்ணி

சென்ற வாரம் 1957இல் நின்றோம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், அந்த ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமாகக் கொழும்பில் நிறைவேறியிருந்தது. சாதியைச் சொல்லி ஒருவரைக் கடையிலோ கோயிலிலோ கிணற்றடியிலோ பஸ்ஸிலோ தடுத்தால் அது குற்றம்.

அதற்கு முந்திய பகுதிகளில், 1930ஐ ஒட்டிய காலத்தில் பிள்ளைகளைச் சம ஆசனத்தில் இருத்தியதற்காகக் குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் எரிந்ததைப் பார்த்தோம். 1944இல் வில்லூன்றி மயானத்தில் முதலி சின்னத்தம்பி சுட்டுக் கொல்லப்பட்டதையும் பார்த்தோம். பிணத்தை எங்கே எரிப்பது என்பதற்காக விழுந்த உயிர் அது. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை மனு எழுதி, தூது போய், வழக்குப் பேசி, ஒரு சட்டம் வரும்வரை ஓயாமல் நின்ற வரலாறும் வந்துபோயிற்று.

சட்டம் வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

சங்கானைச் சந்தியில் பால்பேணி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

* * *

அந்தப் பேணியைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இந்தத் தொடரில் இனி வரப்போகிற எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

விடியற்காலையில் பனை ஏறி இறங்கியவர், மற்றவரின் தோட்டத்தில் கொத்தி முடித்தவர், துணி வெளுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர் என்று யாரானாலும் தேத்தண்ணிக் கடைக்குள் கால் வைக்க முடியாது. வாசலுக்கு வெளியே நின்று “நயினார், ஒரு தேத்தண்ணி” என்று குரல் கொடுக்க வேண்டும். கடைக்காரர் உள்ளே இருக்கும் கிளாஸைத் தொடமாட்டார். வெளியே தனியாக வைத்திருக்கும் பழைய பால்பேணியிலோ, வெறும் போத்தலிலோ, சில இடங்களில் சிரட்டையிலோ ஊற்றுவார். குடித்துவிட்டுக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இருந்து குடிப்பதென்றால் நிலத்தில் குந்தலாம், அல்லது விரித்துப் போட்ட சாக்கில் இருக்கலாம். உள்ளே உள்ள வாங்கு அவருக்கில்லை.

கொதிக்கும் தேத்தண்ணியைப் போத்தலில் வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். துணியைச் சுற்றிப் பிடித்து, ஆறும்வரை காத்திருந்து, வீதியில் போவோர் வருவோர் எல்லோரும் பார்க்கக் குடிக்க வேண்டும். பக்கத்தில் தகப்பனோடு வந்த பிள்ளை நிற்கும். தகப்பன் எந்த இடத்தில் நிற்கிறார், என்ன பாத்திரத்தில் குடிக்கிறார், கடைக்காரரை எப்படி அழைக்கிறார், கடைக்காரர் அவரை எப்படி அழைக்கிறார் என்பதையெல்லாம் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பாடம் நடந்தது.

உள்ளே கிளாஸில் குடித்தவர் கொடுத்த அதே விலையைத்தான் வெளியே பேணியில் குடித்தவரும் கொடுத்தார்.

1960 பெப்ரவரி 1ஆம் திகதி அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வர்த் கடையில் மற்றச் சாமான்களைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதே கடையின் உணவுப் பகுதியில் போய் இருந்து கோப்பி கேட்டார்கள். கிடைக்கவில்லை. அவர்கள் எழும்பவும் இல்லை. எங்கள் காசை வாங்குகிற கடை எங்களை ஏன் இருத்தாது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் அதே கேள்விதான் நெடுங்காலமாக வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தோலின் நிறம் காட்டிக்கொடுத்தது. இங்கே எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே மொழி, ஒரே கந்தசுவாமி. பிறகு கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஊருக்குத் தெரியும். எந்த ஒழுங்கையிலிருந்து வருகிறான், தகப்பன் என்ன தொழில், யாருடைய வளவில் குடியிருக்கிறான் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். யாழ்ப்பாண நகரத்தில், பஸ் நிலையத்தடியில், ஆயிரம் முகங்களுக்குள் ஒரு முகமாகப் போய் இருந்து குடித்துவிட்டு வரலாம். மகாசபையின் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் நகரத்துக் கடைகள் சில திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஊர்ச் சந்தியில் அது முடியாது. அங்கே வாங்கில் இருப்பவர் யாரென்று தெரிந்தே இருக்கவிட வேண்டும், அல்லது தெரிந்தே எழுப்ப வேண்டும். கதை நகரத்தை விட்டு ஊருக்குப் போனது அதனால்தான்.

* * *

சட்டம் இருந்தும் ஏன் பேணி இறங்கவில்லை?

முறைப்பாடு கொடுக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். அவர் குடியிருக்கும் நிலம் கமக்காரனுடையது. வேலை செய்யும் தோட்டம் கமக்காரனுடையது. தண்ணீர் அள்ளும் கிணறும் கமக்காரனுடையதே. அந்தக் கிணற்றிலும் அவர் கயிற்றைத் தொட முடியாது. யாராவது மனமிரங்கி அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். இந்த நிலையில் அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போய், கடைக்காரரின் பெயரைச் சொல்லி, சாட்சி பிடித்து, நீதிமன்றத் தவணைக்குத் தவணை வேலையை விட்டுவிட்டு நடக்க வேண்டும். திரும்பி வரும்போது வளவை விட்டு எழும்பு என்ற சொல் படலையில் காத்திருக்கும்.

அமெரிக்காவின் மொன்ட்கொமரியில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமலே வேலைக்குப் போனார்கள். பஸ் கம்பனிக்கு அவர்களுடைய காசு தேவைப்பட்டது. அதனால் புறக்கணிப்பு அவர்கள் கையில் ஆயுதமாயிற்று.

யாழ்ப்பாணத்தில் அந்த ஆயுதம் மறுபக்கத்தாரின் கையில் இருந்தது. வேலை இல்லை, தண்ணீர் இல்லை, கடையில் சாமான் இல்லை என்று ஒரு குடியிருப்பையே ஒதுக்கிவைக்க அவர்களால் முடிந்தது. ஒடுக்கப்பட்டவர்களின் கையில் இருந்தது அவர்களுடைய உழைப்பு மட்டும். செத்த வீட்டுக்குப் பறை அடிக்க மாட்டோம், குடிமைத் தொழிலுக்கு வர மாட்டோம் என்று அவர்கள் மறுக்கத் தொடங்கினார்கள். அந்த மறுப்புக்குக் கொடுத்த விலை பெரிது. ஒரு வீடு மறுத்தால் அந்த வீடு எரியும். ஊரே மறுத்தால்?

அந்த “ஊரே” என்பதை உண்டாக்க ஓர் அமைப்பு வேண்டியிருந்தது.

* * *

1963–64இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு என்று இரண்டாகப் பிளந்தது. உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்த சண்டை யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைக்கு வந்து சேர்ந்த விதம் வியப்பானது.

மகாசபையின் எம்.சி. சுப்பிரமணியம் மொஸ்கோ அணியோடு நின்றார். வடக்கில் கட்சியின் இளைஞர்களில் பெரும்பாலோர் மறுபக்கம் போனார்கள். அந்தப் பக்கத்தின் தலைவர் நா. சண்முகதாசன், மானிப்பாயில் பிறந்தவர். வடபகுதியில் கட்சியைக் கொண்டுநடத்தியவர்களில் ஒருவர் கே.ஏ. சுப்பிரமணியம், தொழிற்சங்க வேலையில் உருவானவர். எழுத்தாளர் கே. டானியல் அங்கே இருந்தார். பிற்காலத்தில் ‘பஞ்சமர்’ நாவலை எழுதப்போகிறவர் அவர்தான். ஆனால் அப்போது எழுதுவதைவிட ஊர் ஊராக நடப்பதுதான் அவருக்கு முதல் வேலையாக இருந்தது.

மனுக்கொடுத்தது போதும், மக்கள் வீதிக்கு இறங்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். நாளும் குறித்தார்கள்.

1966 அக்டோபர் 21.

* * *

சுன்னாகத்தில் தொடங்கி யாழ்ப்பாணம் முற்றவெளி வரை ஊர்வலம். காங்கேசன்துறை வீதி வழியே ஏறத்தாழ ஆறு மைல். மருதனார்மடம், இணுவில், தாவடி, கொக்குவில், வண்ணார்பண்ணை என்று வீதி குடாநாட்டின் நெஞ்சுக்குள்ளால் போகும். இரு கரையிலும் கல்வீடுகள், மதில்கள், கோயில்கள். அந்த வீட்டுத் திண்ணைகளில் ஏறி இருக்க அனுமதியில்லாதவர்கள், அந்த வீட்டு வாசல்களுக்கு முன்னால், வீதியின் நடுவே, வரிசையாக நடக்கப் போகிறார்கள். அதுவரை அவர்கள் நடந்தது ஓரத்தில்தான்.

கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் சுன்னாகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சாதி அமைப்புத் தகரட்டும், சமத்துவ நீதி ஓங்கட்டும் என்பது அன்றைய முழக்கம்.

பொலிஸ் காத்திருந்தது.

ஊர்வலம் புறப்பட்டதும் தடியடி விழுந்தது. முன்வரிசையில் நின்றவர்களுக்கே முதல் அடி. கே.ஏ. சுப்பிரமணியம் கடுமையாகத் தாக்கப்பட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதுவரை இந்தத் தொடரில் வந்த எத்தனையோ சம்பவங்களில், அடி விழுந்ததும் கதை முடிந்திருக்கிறது. சனம் கலைந்து ஓடும், மறுநாள் வீடு எரியும், வழக்கு நடக்கும், பிறகு எல்லாம் பழையபடி. சுன்னாகச் சந்தியில் அன்று தடியை ஓங்கியவர்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

சனம் கலையவில்லை. அடிபட்டவர்களை எடுத்துக்கொண்டு மறுபடி ஒன்று சேர்ந்தது. ஊர்வலம் நடந்தது. ஆறு மைலும் நடந்து முற்றவெளிக்குப் போய், அங்கே கூட்டமும் நடத்தியது. சண்முகதாசன் பேசினார்.

யாழ்ப்பாணத்தின் சாதி வரலாற்றை 1966 அக்டோபர் 21க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்று நான் நினைக்கிறேன். அன்று எந்தக் கடையும் திறக்கவில்லை, எந்தக் கோயிலும் திறக்கவில்லை. ஆனால் அடித்தால் ஓடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அத்தனை கதவுகளும் பூட்டியிருந்தன. அந்த நம்பிக்கை அன்று சுன்னாகத்தில் உடைந்தது.

* * *

அதன்பிறகு ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் முறையாக உருவாயிற்று. எஸ்.ரி.என். நாகரத்தினம் தலைமை ஏற்றார். டானியல் முன்னணியில் நின்றார். ஒடுக்கப்பட்டவர்கள் மட்டும் சேர்ந்த அமைப்பு அல்ல அது. சாதியை வெறுத்த வேளாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தங்கள் வீட்டிலேயே பகை தேடிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

முறை எளியது. இளைஞர்கள் சேர்ந்து கடைக்குப் போவார்கள். வாசலில் நிற்க மாட்டார்கள். உள்ளே போய் வாங்கில் இருந்து, கிளாஸில் தேத்தண்ணி கேட்பார்கள்.

சில கடைக்காரர்கள் கொடுத்தார்கள். அவர்களுக்கும் உள்ளூர அதில் பெரிய வெறுப்பு இருந்திருக்காது. ஊரவர் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான். சிலர் கடையைப் பூட்டிக்கொண்டு போனார்கள். சில இடங்களில் இளைஞர்கள் வரும் செய்தி முந்திக்கொண்டு போய், கடைக்குள் பொல்லோடு ஆட்கள் காத்திருந்தார்கள்.

தென்மராட்சியில் மந்துவிலும், வடமராட்சியில் கன்பொல்லையும் போராட்டக் கிராமங்களாயின. வலிகாமத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய நெருப்பு சங்கானையில் மூண்டது. சங்கானையை அடுத்த நிச்சாமம் அந்த நெருப்பின் நடுவில் இருந்தது.

நிச்சாமம் ஒரு சிறிய குடியிருப்பு. பனங்கூடல், கிடுகு வேலி, ஒழுங்கை. சங்கானைக் கடைகளுக்குள் போய் இருந்தவர்களின் ஊர் என்பதால் அதன்மீது தாக்குதல் வந்தது. இரவில் துப்பாக்கி வெடித்தது. குடிசைகளுக்குப் பயம் வந்தது, பிறகு பயம் போனது. ஊரவர்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். பெண்கள் செய்தி கொண்டுபோனார்கள், சோறு கொண்டுபோனார்கள், மிளகாய்த் தூளோடும் நின்றார்கள். அடிக்கு அடி என்ற முடிவை அந்த ஊர் எடுத்தது. ஆயுதத்துக்கு ஆயுதம் எடுத்தது.

சின்னர் கார்த்திகேசு சங்கானையில் உயிர் கொடுத்தார்.

அவருடைய பெயர் பாடப் புத்தகத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் இன்று எந்தக் கடைக்குள்ளும் போய், எந்த வாங்கிலும் இருந்து, கிளாஸில் தேத்தண்ணி குடிக்கிற எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

* * *

பாராளுமன்றத்திலும் சங்கானை பேசப்பட்டது. அந்தத் தொகுதி வட்டுக்கோட்டை. அதன் உறுப்பினர் தமிழரசுக் கட்சியின் அ. அமிர்தலிங்கம். சங்கானை சங்காயாகிக்கொண்டிருக்கிறது என்று அவர் சபையில் சொன்னார். சீனத்து நகரத்தின் பெயரைச் சொல்லி, பீக்கிங் கம்யூனிஸ்டுகள் யாழ்ப்பாணத்தில் கலகம் மூட்டுகிறார்கள் என்று அவர் எச்சரித்தார். அந்தப் பேச்சுக்கு யாழ்ப்பாணத்தில் பதில் இலக்கியமாகவே வந்தது. கவிஞர் சுபத்திரன் ‘சங்கானைக்கென் வணக்கம்’ என்று ஒரு கவிதை எழுதினார்.

தமிழரசுக் கட்சியின் நிலையை ஒரேயடியாகக் குற்றம் சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. தீண்டாமை ஒழிய வேண்டும் என்பது அவர்களுடைய மேடைகளிலும் ஒலித்த பேச்சுதான். அவர்களுடைய அச்சம் வேறு. சிங்கள அரசுக்கு எதிரே தமிழர் ஒன்றாக நிற்க வேண்டிய நேரத்தில் தமிழருக்குள் சண்டை வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். ஒற்றுமை என்ற அந்தச் சொல் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒற்றுமைக்காக யார் வாசலுக்கு வெளியே பேணியோடு காத்திருக்க வேண்டும் என்று நிச்சாமம் கேட்டபோது மறுமொழி வரவில்லை.

1961ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தது. தலைவர்கள் வீதியில் படுத்தார்கள், பொலிஸாரின் அடி வாங்கினார்கள். பூட்டிய வாசலுக்கு முன்னால் உடம்பைப் போட்டு உரிமை கேட்பது நியாயமான வழி என்று முழு யாழ்ப்பாணத்துக்கும் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

ஏழு ஆண்டுகள் கழித்து அதே வழியை வேறு சிலர் கையில் எடுத்தார்கள். இந்த முறை கச்சேரி வாசல் இல்லை. கோயில் வாசல்.

* * *

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடி முகம் மாறப்பெற்று எழுப்பிய கோயில் என்று குடாநாட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் கேட்டு வளர்ந்த கதை. ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு அதன் திருவிழா முடியும். நல்லூரும் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலும் 1950களிலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டன. மாவிட்டபுரம் திறக்கவில்லை.

கடையை விட்டுக் கோயிலுக்குப் போகும் முடிவு இயக்கத்துக்குள் எளிதாக வந்திருக்காது. அவர்களில் பலர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். ஆனால் அவர்கள் பின்னால் நின்ற தாய்மாருக்கு முருகன் வேண்டும். கோபுர வாசலுக்கு வெளியே நின்று கற்பூரம் கொளுத்தி, எட்டத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிய தலைமுறைகள் அவர்கள். கடைக்குள் போகலாம், கந்தன் முன்னால் போகக்கூடாதா என்று அவர்கள் கேட்டால் இயக்கம் என்ன சொல்லும்? எழுத்தாளர் என்.கே. ரகுநாதன் பின்னர் இந்தப் போராட்டத்தை வைத்து ‘கந்தன் கருணை’ என்று ஒரு நாடகம் எழுதினார். அது மேடைகளில் என்ன செய்தது என்பதைப் பின்னால் ஒரு பகுதியில் பார்ப்போம்.

1968 ஜூலை, திருவிழாக் காலம். கதவுகள் திறக்கும்வரை வாசலில் சத்தியாக்கிரகம் இருப்பது என்று முடிவாயிற்று.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் சாதாரண ஆள் இல்லை. சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்ஃபோர்டில் படித்தவர், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர், டி.எஸ். சேனநாயக்காவின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர், வவுனியாவின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். தமிழருக்குத் தனி நாடு வேண்டும் என்று மற்றவர்களுக்கு முன்னமே குரல் எழுப்பியவர். அடங்காத் தமிழன் என்று பெயர் பெற்றவர். எழுபதைத் தாண்டிய அந்த மனிதர், சொந்தத் தமிழர் சிலரை உள்ளே விடாமல் தடுப்பதற்காகக் கோயில் வாசலுக்கு வந்து நின்றார். ஆகமமும் மரபும் அவர் வாதம். அவரைச் சுற்றிப் பொல்லோடும் கம்பியோடும் ஆட்கள் நின்றார்கள்.

இடையில் பொலிஸ். கையில் 1957ஆம் ஆண்டுச் சட்டம்.

மாவிட்டபுரம் அடங்கிய காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். கச்சேரிச் சத்தியாக்கிரகத்தின் தலைவர். அவருடைய கட்சியின் மு. திருச்செல்வம் அப்போது டட்லி சேனநாயக்காவின் அமைச்சரவையில் உள்ளூராட்சி அமைச்சர்.

வாசலில் போய் இருந்தவர்கள், அடிக்கு அடி என்று நிச்சாமத்தில் சொல்லிப் பழகிய இயக்கத்தவர்கள். இங்கே திருப்பி அடிப்பதில்லை என்று சொல்லித்தான் இருந்தார்கள். தலையில் பொல்லு விழும்போது அந்தச் சொல் நிற்குமா? தன் தொகுதியின் கோயில் வாசலில், தான் கற்றுக்கொடுத்த வழியில் இருந்தவர்களின் பக்கம் செல்வநாயகம் வந்து அமர்வாரா?

(அடுத்த வாரம்)